ஆறு கால் பெட்டியில் பயூமி

பயூமியைக் குடிகாரன் என்று எந்த வாய் சொன்னாலும் அந்த வாய் பொய் சொல்கிறது. அவ்வளவுதான் பேச்சு. தள்ளாடவில்லை என்று யார் சொன்னார்கள்? தள்ளாடினான். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் சந்துக்குள் வந்தான். மாவு மில் வாசலில் குந்தி வாந்தி எடுத்தான். அவன் பக்கத்தில் போனால் சாராயம் மாதிரி ஒரு வாடை அடித்ததும் உண்மை. இதெல்லாம் கண்ணால் பார்த்ததுதான். ஆனால் பார்த்ததற்கு அர்த்தம் சொன்னது யார்? தௌஹீதா. ரொட்டி அடுப்பு வரிசையில் நின்றுகொண்டு அவள் சொன்னதைச் சந்து மொத்தமும் சூட்டோடு வாங்கிக்கொண்டு போனது.

"ஆளை ஏத்திக்கிட்டுப் போற விமானம்டி. ஓட்டுறவரு இப்படிக் குடிச்சா மேல இருக்கிறவங்க கதி என்ன?" என்றாள்.

"பட்டப்பகல்லயாம்மா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"குடிக்குப் பகல் என்ன, ராத்திரி என்ன? நான் மாடியில இருந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன். சாமான் வாங்க நான் கயித்துல விடுற கூடைகூட நேரா இறங்குது. நம்ம கேப்டன்தான் கோணிக்கிட்டு வர்றாரு."

வரிசையே சிரித்தது. சிரிக்கும்படி சொல்ல அவளுக்குத் தெரியும், அந்த நாக்கு அவளுக்கு உண்டு. ஆனால் அவள் பெற்ற மகன் ஷஹாத்தா அதே வீட்டில் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன். அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தப் பேச்சு அடுப்படியைத் தாண்டியிருக்காது. அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பதற்கு முதலில் இருந்து வர வேண்டும்.

பயூமி பருத்திக்கு மருந்து தெளிக்கிற விமானம் ஓட்டியவன். காற்று எழுவதற்கு முன்னால், இம்பாபா விமானத் திடலில் இருந்து கிளம்பி டெல்டா வயல்களுக்குப் போவான். வயலின் இரண்டு கோடியிலும் வெள்ளைக் கொடி பிடித்து ஆள் நிற்பான். ஒரு கொடியில் இருந்து மறு கொடிக்குப் பருத்திப் பூவை உரசுகிற மாதிரி போக வேண்டும். வாய்க்கால் கரையில் பேரீச்சை மரமோ மின்கம்பியோ வந்தால் ஒரே தூக்கு, ஒரே திருப்பு, மறுபடி தாழ்வு. நடுவில் குனிந்து கருவி முள்ளைப் பார்க்க நேரம் ஏது? இருக்கை எந்தப் பக்கம் அழுத்துகிறது, தொப்புள் எப்போது காலியாகிறது, தோள் எந்தப் பக்கம் இழுபடுகிறது, இதை வைத்துத்தான் ஓட்டினான்.

"என் தலைக்கு இருக்கிற புத்திய விட நான் உக்காருற இடத்துக்கு இருக்கிற புத்தி ஜாஸ்தி" என்பான் தேநீர்க் கடையில்.

"அது உன் மாமியாருக்குத் தெரியும்யா, பொண்ணு குடுக்கும்போதே சொன்னா" என்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். பகல் பத்து மணிக்கெல்லாம் வேலை முடிந்து, மருந்து வாடையோடு வந்து, ஃபூல் என்கிற அவரை மசியலும் வெங்காயமும் வைத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் சாப்பிடுகிற மனிதன். குடி என்பது அவன் வீட்டுப் படி ஏறாத பொருள். அவனுடைய அப்பா மசூதியில் தண்ணீர்த் தொட்டி கழுவியவர்.

அந்த நாளில் ஷஹாத்தா திடலில் மருந்துக் குழாய்களைக் கழுவுகிற பையனாக வந்து, பிறகு எந்திரம் கழற்றி மாட்டுகிறவனாக ஆனவன். பயூமியை அண்ணே என்றுதான் கூப்பிடுவான்.

வானத்தில் இருந்து தெளிப்பதை அரசாங்கம் நிறுத்தியது. ஊர்க்காரர்களுக்கு நல்லதுதான், அந்த விஷம் குழந்தைகள் தலையிலும் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் திடலில் இருந்தவர்கள் எல்லாம் தெருவுக்கு வந்தார்கள். பயூமி விடவில்லை. இரட்டை எந்திர விமானம் பழகினான். மேற்குப் பாலைவனத்து எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆட்களைக் கொண்டு விடுகிற சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். அந்தக் கம்பெனிக்காரர்கள் விமானிகளைப் பழக்குகிற இடம் ஊரின் அந்தக் கோடியில், பெரிய விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. அங்கே ஆள் தேவை என்று தெரிந்ததும், ஷஹாத்தாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், "இவன் கைக்கு நான் பொறுப்பு" என்று சொல்லி வேலைக்குச் சேர்த்ததும் பயூமிதான்.

ஷஹாத்தாவுக்குக் கிடைத்த வேலை பெட்டியைப் பார்த்துக்கொள்வது.

பெட்டி என்றால், ஒரு பெரிய கூடத்துக்குள் ஆறு இரும்புக் கால்மேல் நிற்கிற வெள்ளை அறை. உள்ளே போனால் விமானத்தின் முன்பகுதி அச்சு அசலாக இருக்கும். கண்ணாடியில் ஓடுபாதை, வானம், மேகம் எல்லாம் படமாக வரும். கால்கள் நீண்டும் குறுகியும் அறையை ஆட்டும். விமானிகள் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அதற்குள் உட்கார்ந்து பரிட்சை கொடுக்க வேண்டும். தேறினால்தான் பறக்கலாம். நிஜ விமானத்தில் எந்திரத்தை அணைத்துப் பரிட்சை வைத்தால் ஆள் செத்துப்போவானே, அதற்குத்தான் பெட்டி.

முதல் தடவை உள்ளே போய் வந்தபோது பயூமியின் முகம் எலுமிச்சை நிறமாக இருந்தது. ஷஹாத்தா ஓடி வந்து பிடித்தான்.

"என்னடா செய்யுது இது என்னை?"

"அண்ணே, இது எங்கயும் போகாதுல்ல. வேகம் எடுக்கிற மாதிரி இருக்கணும்னா பெட்டி மெதுவா மல்லாக்கச் சாஞ்சுக்கும். கண்ணாடியில படம் மட்டும் நேரா நிக்கும். முதுகு சீட்டுல அமுங்கும். உடம்பு, ஆகா ஓடுறோம்னு நம்பிடும்."

"சரி, அப்புறம்?"

"அப்புறம் பெட்டி நடுவுக்குத் திரும்பணும். இல்லாட்டி அடுத்த ஆட்டத்துக்குக் கால் நீள இடம் இருக்காது. அதனால யாருக்கும் தெரியாம நைசா ஊர்ந்து வந்துடும். அவ்வளவு மெதுவா வந்தா மனுஷ உடம்புக்குத் தெரியாதாம். பொறியாளரு சொன்னாரு."

"எனக்குத் தெரியுதேடா."

"உங்களுக்குத் தெரியும் அண்ணே. உங்க உடம்பு அப்படி."

அதுதான் சங்கதி. நேற்று மீசை முளைத்த பையன்கள் திருவிழா ராட்டினத்தில் இருந்து இறங்குகிற மாதிரி சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். அவர்கள் உடம்புக்கு வானம் தெரியாது, பெட்டி சொன்னதை வானம் என்று எடுத்துக்கொண்டது. பயூமியின் உடம்புக்கு அந்த ஊர்வது தெரிந்தது. கண் திரும்புகிறோம் என்கிறது, தொப்புள் இல்லை என்கிறது, முதுகு ஓடுகிறோம் என்கிறது, காதுக்குள் ஏதோ ஒன்று சாய்ந்து கிடக்கிறோம் என்கிறது. நாலு சாட்சியும் நாலு கதை சொன்னால் மனிதன் என்ன செய்வான்? வாந்தி எடுத்தான். இறங்கிய பிறகும் சுற்றல் விடவில்லை. பேருந்தில் உட்கார்ந்தால் பேருந்து மல்லாந்தது. சந்தில் நடந்தால் சந்து சாய்ந்தது. மறுநாள் காலைவரை அப்படித்தான்.

பரிட்சை வைக்கிற கேப்டன் நஸீஃப் நல்ல மனிதர்தான். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "பயூமி, பழைய ஆளுங்களுக்குத்தான் இது அதிகம் வரும். வெக்கப்பட ஒண்ணுமில்ல. ஆனா வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. டாக்டர் காதுல விழுந்தா அவரு இதுக்கு வேற பேரு வைப்பாரு."

பயூமி சொல்லவில்லை. வெளியில் மட்டுமா சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை. அங்கேதான் அவன் முட்டாள்தனம் செய்தான். இருபது வருடம் பேரீச்சை மரத்துக்கு நடுவில் புகுந்து வந்தவன், தரையில் முளை அடித்த பெட்டிக்குள் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன் என்று பெண்டாட்டியிடம் எப்படிச் சொல்வான்? கழிப்பறையில் வாயைக் கொப்பளித்து, சட்டையைத் துடைத்து, வாந்தி வாடை தெரியாமல் இருக்க ஒரு குப்பி கொலோனை முகத்திலும் கழுத்திலும் கவிழ்த்துக்கொண்டு கிளம்புவான். மலிவுக் கொலோன். வெயிலில் பேருந்தில் வந்து சேரும்போது பூ வாசம் போய்ச் சாராயம் மட்டும் மிச்சம் இருக்கும்.

"மீன் ஒத்துக்கல" என்பான் பெண்டாட்டி இன்சாஃபிடம்.

இன்சாஃப் முதல் தடவை வெந்தயம் கொதிக்கவைத்துக் கொடுத்தாள். இரண்டாம் தடவையும் கொடுத்தாள். மூன்றாம் தடவை, "எந்த மீன்காரன்கிட்ட ஆறு மாசத்துக்கு ஒரு தடவை இப்படி மாட்டிக்கிறீங்க?" என்று கேட்டாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதற்குள் தௌஹீதாவின் பேச்சு கிணற்றுத் தவளைகூடக் கேட்கும்படி ஆகியிருந்தது.

அடுத்த பரிட்சை நெருங்கியபோது பயூமி சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தான். கம்பெனியில் ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற பேச்சு. தவறினால் போச்சு. வேறு தொழில் அவனுக்குத் தெரியாது. தொழில்கூடப் பெரிதில்லை, மேலே போகாமல் அவனால் இருக்க முடியாது, அதுதான் பயம். தேநீர்க் கடையில் அவன் எதிரில் ஷஹாத்தா உட்கார்ந்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்றேன். கோவிச்சுக்காதீங்க. பெட்டியோட ஆட்டத்தை என்னால குறைக்க முடியும். பரிசோதனைக்குன்னு ஒரு வழி இருக்கு. கால் நீளும், ஆனா பேருக்கு நீளும். உள்ள இருக்கிறவங்களுக்கு ஆடுற மாதிரிதான் தெரியும். வயிறு பிழைச்சுக்கும்."

"கண்டுபிடிச்சா?"

"யாரு கண்டுபிடிக்கிறது? நஸீஃப் சாரு பின்னாடி சீட்டுல தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு இருப்பாரு. முடிஞ்சதும் பழையபடி வச்சிருவேன்."

பயூமி ரொம்ப நேரம் சர்க்கரையைக் கலக்கினான். "சரி" என்றான். யாரும் அவன் வாயில் அதைத் திணிக்கவில்லை, அவனேதான் சொன்னான். அது தப்பு. தப்பு என்று ஒத்துக்கொள்வதில் என்ன வந்தது? குடித்தான் என்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியாது.

அன்றைக்குப் பெட்டிக்குள் போனான். இந்த ஊர் சாமியார்கள் எல்லாம் சேர்ந்து மந்திரித்த மாதிரி வயிறு அமைதியாக இருந்தது. கிளம்பினான், திரும்பினான், இறங்கினான். நெற்றியில் வேர்வை இல்லை. இப்படி இருக்கும் என்றால் சாகும்வரை பரிட்சை கொடுக்கலாம் என்று தோன்றியது. மறுபடி ஓடுபாதை முனைக்கு வந்தார்கள். நஸீஃப் கண்ணாடியில் பனிமூட்டத்தைக் கொண்டுவந்தார். எதிரில் எல்லாம் பால்.

"கிளம்புங்க கேப்டன்."

வேகம் எடுத்தான். சக்கரம் தரையை விட்ட நேரத்தில் நஸீஃப் ஓர் எந்திரத்தை அணைத்தார். பரிட்சையே அதுதான், அது எல்லோருக்கும் தெரியும். எந்திரம் செத்தால் விமானம் செத்த பக்கம் மூக்கைத் திருப்பும். அப்போது உட்கார்ந்திருப்பவன் இடுப்பில் பக்கவாட்டாக ஒரு தள்ளு விழும். பயூமியின் கால் அந்தத் தள்ளுக்குத்தான் பழகிய கால். தள்ளு விழுந்த மறு கணம், தலை யோசிப்பதற்கு முன்னால், கால் திருப்புக் கட்டையை மிதித்து மூக்கை நேராக்கியிருக்கும். வயலுக்கு மேல் காற்று தள்ளும்போது எத்தனையோ தடவை அப்படி மிதித்துப் பிழைத்தவன்.

தள்ளு வரவில்லை. ஷஹாத்தா அதையும் சேர்த்துத்தான் குறைத்திருந்தான். தொட்டிலை ஆட்டுகிற மாதிரி லேசாக ஏதோ அசைந்தது, அவ்வளவுதான். கண்ணுக்கு எதிரில் வெறும் வெள்ளை. முள் திரும்பிக்கொண்டிருந்தது. பயூமி முள்ளைப் பார்த்தான். அவன் கால் மட்டும் தள்ளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. பக்கத்து இருக்கையில் இருந்த துணை விமானி "சார்!" என்று கத்தினான். மிதித்தபோது நேரம் கடந்துவிட்டது. படம் புரண்டது, பழுப்பானது, அப்படியே நின்றது.

பெட்டிக் கணக்கில் விமானம் தரையில் விழுந்துவிட்டது. நஸீஃப் கோப்பையைக் கீழே வைத்தார்.

"என்னய்யா ஆச்சு உமக்கு? மத்தவன் பண்ணினா பரவாயில்ல. நீர் போய் இதுல?"

பயூமிக்கு விடை நாக்கு நுனியில் இருந்தது. பெட்டிக் கதவின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷஹாத்தா வெளுத்துப்போய் நின்றான். "கவனம் போயிடுச்சு சார்" என்றான் பயூமி.

மறுநாள் ஷஹாத்தா வீட்டுக்கு வந்து அவன் காலடியில் உட்கார்ந்து அழுதான். "தெரிஞ்சா வேலை மட்டும் போகாது அண்ணே, ஜெயில்ல போட்டுருவாங்க. என் பெண்டாட்டி முழுகாம இருக்கா."

"எழுந்திருடா. உன் பேரு என் வாயில வராது."

"இன்னொரு தடவை வாய்ப்பு தருவாங்க அண்ணே. இந்த தடவை பாதி மட்டும் குறைச்சு..."

"கையை வச்சா கையை உடைச்சிருவேன். முழுசா ஆட்டு. செத்தாலும் பரவாயில்ல, அது என்னைத் தள்ளட்டும்."

இரண்டாம் பரிட்சையில் பெட்டி முழு பலத்தோடு ஆடியது. முதல் திருப்பத்திலேயே வாயில் உப்பு நீர் ஊறியது. பையை மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஒரு தடவை வாந்தி எடுத்துவிட்டு, மறுபடி பிடியைப் பிடித்தான். பனிமூட்டம் வந்தது. எந்திரம் செத்தது. இடுப்பில் அந்தத் தள்ளு விழுந்தது, விழுந்ததும் கால் மிதித்தது. விமானம் கயிறு கட்டி இழுத்த மாதிரி நேராக ஏறியது. நஸீஃப் பின்னால் இருந்து, "அல்லாஹ்!" என்றார், நல்ல பாட்டுக்குச் சொல்கிற மாதிரி.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. பெட்டி நின்றது, வெளியே வருவதற்கான இரும்புப் பாலம் இறங்கியது. பயூமி எழுந்து இரண்டு எட்டு வைத்தான். அவனுக்கு மட்டும் பெட்டி இன்னும் திரும்பிக்கொண்டிருந்தது. பாலத்தின் கைப்பிடியைத் தவறவிட்டு, இரும்புப் படியில் உருண்டு, கீழே நின்ற கம்பெனி ஆட்களின் காலடியில் போய் விழுந்தான்.

அவர்கள் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். டாக்டர் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். நின்றான், சாய்ந்தான். வேறு எப்படி நிற்பான், பெட்டியில் இருந்து அப்போதுதானே வந்திருக்கிறான்?

"தலைசுத்தல் வியாதி. இவரை மேல அனுப்ப முடியாது" என்றார்.

"டாக்டர், நல்லா ஓட்டினாரு. நான் பாத்தேன்" என்றார் நஸீஃப்.

"ஓட்டினதைப் பத்தி நான் பேசலையே. நிக்கத் தெரியாதவரைப் பத்திப் பேசறேன். இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

நஸீஃப் தரையைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார்.

ஷஹாத்தா கதவோரம் இருந்தான். முந்தின தடவை என்ன நடந்தது என்று அவன் சொல்லியிருந்தால், ஒருவேளை கேட்டிருப்பார்கள், இந்த மனிதன் உடம்பில் குறை இல்லை, பெட்டிக்கும் அவனுக்கும்தான் ஆகவில்லை என்று யோசித்திருப்பார்கள். கேட்காமலும் போயிருக்கலாம். அவன் வாயைத் திறக்கவில்லை.

வாடகை வண்டி சந்து முனையில் நின்றது. அன்றைக்குத்தான் மாவு மில் வாசலில் வாந்தி எடுத்தான். மேலெல்லாம் கொலோன். தௌஹீதா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"கேப்டன், தரையிறங்கியாச்சா? இல்ல, இன்னும் ஒரு சுத்து சுத்தணுமா?"

ஜன்னல்கள் திறந்தன. ஷஹாத்தா அதே நேரம் வேலை முடிந்து வந்து அம்மாவுக்குப் பின்னால் மாடியில் நின்றான். பயூமி நிமிர்ந்து அவனைப் பார்த்தான். எல்லோரும் கேட்க ஒரு வார்த்தை, "அம்மா, சும்மா இரு, அவருக்கு உடம்பு சரியில்ல" என்றாவது ஒரு வார்த்தை. ஷஹாத்தா காய்ந்த துணியை மடித்துக்கொண்டு உள்ளே போனான்.

பயூமி படியேறிப் போய்க் கட்டிலில் விழுந்தான். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தான், திறந்தால் கூரை ஊர்கிறது. இன்சாஃப் பக்கத்தில் வந்தாள். ஈரத் துணி போடப் போகிறாள் என்று நினைத்தான். அவள் குனிந்தாள். அவன் வாய்க்கு நேராக மூக்கைக் கொண்டுவந்து, மூச்சை உள்ளே இழுத்து மோந்து பார்த்தாள்.

அவன் கண் திறந்தான். இரண்டு முகமும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன.

"கொலோன்" என்றான்.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் அவள்.

இன்சாஃபைத் திட்டிப் பயன் இல்லை. பெட்டி என்று ஒன்று இருப்பதே அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் அவளை உட்காரவைத்து எல்லாம் சொன்னான், கால், சாய்வு, ஊர்வது, தள்ளு, எல்லாம். ஷஹாத்தா பெயரை மட்டும் விட்டுவிட்டான். அவள் தலையாட்டிக் கேட்டாள். தரையில் நிற்கிற பெட்டி மனிதனை இப்படி ஆக்கும் என்று நம்ப முயற்சி செய்கிற முகம் அது, நம்பிய முகம் இல்லை. அது அவனுக்கும் தெரிந்தது.

கம்பெனி அவன் விமானி அட்டையை வாங்கிக்கொண்டது. சூடானில் இன்னும் பருத்திக்கு மேலிருந்து தெளிக்கிறார்கள், பழைய திடல் ஆள் ஒருவன் அங்கே இருந்தான். விமானம் ஓட்ட வழியில்லை, டாக்டர் எழுதியது அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. மருந்து கலக்கவும் வயல் கோடியில் கொடி பிடித்து நிற்கவும் ஆள் வேண்டும் என்றான். பயூமி ஒத்துக்கொண்டான். விமானத்துக்குக் கீழேயாவது நிற்கலாமே என்று நினைத்தானோ என்னவோ.

கிளம்புகிற நாள், காலை வெயில் சந்துக்குள் இறங்கியிருந்தது. இன்சாஃப் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் துணியில் முடிந்து கொடுத்தாள்.

"எப்ப வருவீங்க?"

"அங்க பருத்தி முடியும்போது."

"சந்துல என்ன சொல்றது நான்?"

"அவங்ககிட்ட நீ சொல்றதுக்கு என்ன இருக்கு? அவங்கதானே உனக்குச் சொல்றாங்க."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவன் படி இறங்கினான். வாசலில் ஷஹாத்தா நின்றுகொண்டிருந்தான், வேலைச் சட்டையோடு.

"அண்ணே, பையைக் குடுங்க. ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவந்து விடறேன்."

"உன் வேலை பத்திரமா இருக்கா?"

"இருக்கு அண்ணே."

"குழந்தை?"

"அடுத்த மாசம்."

"அப்ப மேல போ. அம்மா பாக்குறாங்க பாரு."

ஷஹாத்தா நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பயூமி பையைத் தோள் மாற்றிக்கொண்டு, மாவு மில்லைத் தாண்டி, ரொட்டி வரிசையைத் தாண்டி, நட்ட நடுச் சந்தில் நேராக நடந்து போனான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ ஒருத்தி, "இன்னிக்குக் குடிக்கல போல" என்றாள்.